இடது பின்சக்கரம்

பக்கச்சுவர் முழுக்கப் பித்தவெடிப்பு.
கட்டைவிரல் நகம் நுழைகிற ஆழம்.
எச்சில் தொட்டுத் துடைத்தால் நான்கு இலக்கம் தெரிகிறது:
இரண்டாயிரத்து மூன்று, இருபத்திரண்டாம் வாரம்.
அந்த வாரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?
வேலிக்குப் பெயின்ட் அடித்திருக்கலாம்.
யாரோடாவது சண்டை போட்டிருக்கலாம்.

ஆர்லோ வந்தான், பார்த்தான், காலால் ஓர் உதை விட்டான்.
(டயர் பார்க்க வருகிற அத்தனை பேரும்
ஏன்தான் உதைக்கிறார்களோ.)
"பச்சைக் கோந்து ஊத்து, அடைச்சிரும்."
"ஷூ பாலிஷ் பூசு, வெடிப்பு தெரியாது."
பிறகு, "காத்து எவ்வளவு நிக்குது?"
உள்ளே முக்கால் பங்கு உப்புநீர் என்றேன்.
பனி தள்ளும்போது வழுக்காமலிருக்க
எனக்கு முன் வைத்திருந்தவன் எடைக்கு நிரப்பியது.
விற்கும்போது சொல்லவில்லை.
முந்நூறு டாலருக்கு எவ்வளவுதான் சொல்வான்.

ஜூலையில் சொட்டத் தொடங்கியது.
ஷெட் வாசலில் தட்டளவு புல் கருகியது,
ஆகஸ்டில் தாம்பாளம் அளவு.
"இன்னிக்கே மாத்து" என்றாள் கோரின்.
"நாளைக்கு."
அந்த இரவுதான் அவை வந்தன.

பெண்மான் ஒன்று,
புள்ளி மங்கத் தொடங்கிய குட்டிகள் இரண்டு.
டிராக்டரைச் சுற்றி நின்று
வெடிப்புக்குள் நாக்கை விட்டு நக்கின.
சமையலறை விளக்கை அணைத்துவிட்டு நின்றோம்.
வலைக்கதவு வழியே கேட்டது,
உப்புத்தாளால் யாரோ பொறுமையாகத்
தேய்ப்பதுபோல ஒரு சத்தம்.
அதன்பின் கோரின் டயர் பேச்சை எடுக்கவில்லை.
புல் முழங்காலைத் தொட்டது.

இருபத்தொரு குளிர்காலம்
வட விஸ்கான்சின் சாலைகளில் உப்பு இறைத்தவன் நான்.
விடிகாலை மூன்று மணி, லாரியின் பின்னே சுழலும் தட்டு,
எனக்குப் பின்னால் நீளும் வெள்ளைக் கோடு.
அதை நக்க வந்து
யாருடைய விளக்கொளியிலோ உறைந்து நின்றவற்றைக்
காலைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்துப் போட்டதும் நான்தான்.
எண்ணவில்லை.
எண்ணச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை.

அக்டோபர் கடைசியில் ஆர்லோ மறுபடி வந்தான்.
இம்முறை உதைக்கவில்லை.
குந்தி உட்கார்ந்து குளம்புத் தடத்தை விரலால் அளந்தான்.
"எத்தனை மணிக்கு வரும்?"
"எது?"
சிரித்தான்.
அவன் நிலத்தின் ஓரத்து மேப்பிளில்
புது ஏணி சாத்தியிருந்தது,
உச்சியில் ஓர் இருக்கை,
என் ஷெட்டைப் பார்த்து.
துப்பாக்கிக் காலம் தொடங்க இருபத்துமூன்று நாள்.

மறுநாள் ஆறரைக்கு ஜாக்கி போட்டேன்.
மிச்ச உப்புநீரை நீல டிரம்மில் வடித்தேன்.
துருவேறிய நட்டு ஐந்தில் நான்கு சூட்டுக்கு இளகியது,
ஐந்தாவதை அறுத்தேன், கூடவே முட்டித் தோலையும்.
டயர் விளிம்பை விட்டு விலக மறுத்தது.
பிக்கப்பின் அடியில் கிடத்தி, ஜாக்கியை மேலே நிறுத்தி
வண்டியின் எடை முழுவதையும் அதன்மேல் ஏற்றினேன்.
ஒரு முனகல். விட்டது.
உள்ளே துரு, பெருங்காயக் கட்டிபோல் உதிர்ந்தது.

புதிய டயருக்குச் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தேன்.
பட்டென்று ஒன்று, பட்டென்று இன்னொன்று,
ரப்பர் இரும்பில் போய் உட்கார்ந்தது.
கோரின் மாவுக் கையோடு ஓடிவந்தாள்.
"சுட்டுட்டாங்களா?"
"டயர்."
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

கருகிய மண்ணை இரண்டு அடி தோண்டி அள்ளினேன்.
உள்ளே வெறும் காற்று, பத்து பவுண்டு.

உப்பிட்டவரை நினைக்கும் சாதிபோல,
அன்றிரவும் வந்தன.
புது ரப்பரை முகர்ந்து தலையை உதறின.
பெரியது குழியில் வாய் வைத்துப் பார்த்தது.
நான் கதவைத் திறந்து
வாணலியைக் கரண்டியால் தட்டினேன்.
வெள்ளை வால்கள் காட்டுக்குள் மறைந்தன.
தட்டினேன்.
"போதும், போயிருச்சு" என்றாள் கோரின்.
தட்டிக்கொண்டே இருந்தேன்,
ஆர்லோ வீட்டு மாடியில் விளக்கு எரியும் வரை.